நாற்பதைத் தொட்டால் வரும் நடுக்கம்

திருச்செங்கோட்டு மலை தெரிகிற தூரத்தில், லாரி இல்லாத வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய ஊஞ்சக்காட்டில், ஆடி போய் ஆவணி பிறந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, பாவாயி வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த பதினாறு டம்ளர்களும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. முதலில் மெதுவாகத்தான் பேசின, பிறகு பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது, சுவரில் தொங்கிய காலண்டர் படபடத்தது, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த துவரம்பருப்பு அவள் கை படாமலே தானாகப் புடைபட்டுக் கல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கமாகப் பிரிந்தது. இருபது நிமிடம் அப்படி இருந்துவிட்டு எல்லாம் அடங்கிப்போயிற்று. பாவாயி முருகனை ஒருதரம் கூப்பிட்டுவிட்டு, பிரிந்த கல்லைப் பொறுக்கி வாசலில் போட்டாள்.

பதினோரு மணிக்குப் புருசன் அர்த்தனாரி போனில் கூப்பிட்டார். கர்நாடகத்துத் தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு, தொப்பூர் கணவாய் இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் நிறுத்தி, டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் அவர் போன் பேசுவார். வண்டி ஓடும்போது போனைத் தொடுவதில்லை என்பது அவர் விரதம். அந்தப் போன் வரும்வரை பச்சைத்தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் வைப்பதில்லை என்பது அவள் விரதம். இருபத்து நான்கு வருசமாக இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நடந்துவந்தன.

"ஏம்புள்ள, முன்னாடி சக்கரம் நடுங்குது. நாப்பதைத் தொட்டா வருது, அம்பத்தஞ்சைத் தாண்டுனா போயிருது. எறக்கத்துல நாப்பதுக்கு மேல போக முடியாதில்ல, கூடவே வந்துச்சு."

"எத்தன மணிக்குங்க?"

"பத்தே காலு இருக்கும்."

"இங்கயும் வந்துச்சுங்க. டம்ளரெல்லாம் ஆடுச்சு."

"அப்பிடியா," என்றார் அர்த்தனாரி. டீயை ஊதும் சத்தம் கேட்டது. "சேரி, என்ன கொழம்பு?"

அப்படித்தான் அந்த நடுக்கம் ஊஞ்சக்காட்டுக்கு வந்தது. வந்த விருந்தாளியை ஏன் வந்தாய் என்று கேட்கிற பழக்கம் அந்த ஊரில் இல்லாததால், எங்கேயோ ஐம்பது கல்லுக்கு அப்பால் ஓடுகிற லாரியின் சக்கரம் இங்கே ஒரு வீட்டின் டம்ளரை ஏன் ஆட்டவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்றுதான் கேட்டார்கள். முதலில் கேட்டவள் எதிர்வீட்டுச் சிந்தாமணி. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒரு தயிர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, பாவாயி வீட்டுக் கூடத்தில் வைக்கோல் பிரிமணை போட்டு அதன்மேல் வைத்தாள்.

"இதென்ன சிந்தாமணி?"

"உங்கூட்டுக்காரரு தொப்பூரு வர்ற நேரமாச்சுல்லக்கா. கை நோவுது, கடைய முடியல."

பத்தே காலுக்கு நடுக்கம் வந்தது. பத்தரைக்கு வெண்ணெய் திரண்டு மேலே மிதந்தது. கையால் கடைந்தால் வராத அப்படியொரு வெண்ணெய், கோழிமுட்டைபோல உருண்டையாக.

பிறகு கேட்கவேண்டுமா. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணி ஆனால் பாவாயி வீட்டில் தயிர்ப்பானைகள் வரிசைகட்டி நின்றன. மாவு சலிக்கச் சல்லடையோடு ஒருத்தி வந்தாள், எள்ளில் மண் போக்க ஒருத்தி வந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்ட, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவர் சுவரோடு முதுகைச் சாய்த்து இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்துபோனார். எதற்கும் தூங்காத சிந்தாமணியின் பேத்தி, கூடத்தின் நடுவில் விரித்த துணியில் போட்டதும் வாயில் வைத்த விரலோடு தூங்கிப்போயிற்று. தீவன மில்லில் இருந்து ஆள் வந்து, "சோளம் எங்க வருதுங்கக்கா?" என்று கேட்டு, டம்ளரைப் பார்த்துவிட்டு, "தொப்பூரா, சேரிங்க," என்று போனார். தாலுகா ஆபீசுக்கு யாரோ பூகம்பம் என்று எழுதிப்போட, ஒரு அலுவலர் பெட்டி நிறையக் கருவியோடு வந்தார். கருவியைக் கூடத்தில் வைத்து, நடுக்கம் வந்து போகும்வரை பார்த்து, தாளில் 'வாகன அதிர்வு, இடது முன்பக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரைப்படி மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் எழுதியதில் தவறொன்றும் இல்லை.

பாவாயிக்கும் உள்ளுக்குள் அது பிடித்துத்தான் இருந்தது. இத்தனை வருசம் போன் வரும்வரை அவர் எங்கே, எப்படி என்று ஒன்றும் தெரியாது. இப்போது டம்ளர் ஆடினால் அவர் ஓடிக்கொண்டிருக்கிறார், உயிரோடு இருக்கிறார், கை ஸ்டியரிங்கில் இருக்கிறது. முருகா, இதுவும் உன் வேலைதானா என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மழை பெய்து ஓய்ந்த நேரம், எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற டம்ளர்கள் ஒரே ஒரு நொடி வாயடைத்தன. அடுத்த நொடி அலமாரி ஓரத்து டம்ளர் ஒன்று தூக்கி எறிந்ததுபோல வந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் தலைமாட்டில் விழுந்தது. குழந்தை விழித்து அழுதது. பாவாயி இருந்த இடத்திலேயே கைகூப்பிக்கொண்டு இருந்தாள். பதினோரு மணிக்கு வரவேண்டிய போன் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள. ஸ்டியரிங் கைய விட்டுப் பறிச்சுகிச்சு. எதுக்கால ஒரு வேன்காரன் வந்தான், அவனாப் பாத்து ஒதுங்கிட்டான். மணிக்கட்டு கொஞ்சம் வீங்கிக் கெடக்குது, அவ்வளவுதான்."

ஓசூரில் வேலையாக இருக்கும் மகன் கோகுலுக்கு அன்று மாலையே சேதி போய்விட்டது. "அம்மா, அப்பாவுக்கு அறுவது நடக்குது. வண்டிக்கு இருவத்திநாலு. ரெண்டுல ஒண்ணாவது ரிட்டையர் ஆகவேண்டாமா? வண்டிய உடைப்புக்குப் போட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அர்த்தனாரியும் வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "தை அமாவாசைக்குள்ள நடுக்கம் நிக்கலீன்னா போட்டர்லாம்," என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வாசலில் நின்ற லாரியின் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்து படுத்தார். லாரி இல்லாத அர்த்தனாரியைப் பாவாயி பார்த்ததில்லை. கல்யாணத்துக்கே லோடு இறக்கிவிட்டு வந்த ஆள் அவர். அவர் ஓட்டவும் வேண்டும், அவர் கையை யாரும் பறிக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துத்தான் அவள் விளக்கின் முன் கேட்டாள், ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

சங்ககிரி ரோட்டுப் பட்டறை யாகூப் பாய், அந்த லாரி புதுசாக வந்த நாளிலிருந்து அதற்கு வைத்தியர். அவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்து, சக்கரம் திரும்புகிற முளையான கிங்பின் தேய்மானம் என்று கிங்பின் மாற்றினார். நடுக்கம் நிற்கவில்லை. பேரிங் மாற்றினார். பிரேக் டிரம்மைக் கடைசலுக்கு அனுப்பினார். டயரில் வயிறு தள்ளியிருக்கிறதோ என்று டயரையும் டியூபையும் மாற்றினார், ரிம் மட்டும் இருந்த ரிம்மேதான். ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட்டைக்கூடப் பிரித்துப் பார்த்தார். செவ்வாய் வந்தது, பத்தே கால் வந்தது, டம்ளர்கள் பேசின.

மார்கழியில் ஒருநாள் பாய் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அர்த்தனாரி, வண்டி ஓடறப்ப நான் உள்ள ஒக்காந்தா எனக்கும் சேர்ந்து ஆடுது, ஒண்ணும் வெளங்க மாட்டீங்குது. நீ நாளைக்கு வண்டிய எடுத்துட்டு பைபாஸ்ல போ. நான் உன்ற ஊட்டுல ஒக்காந்து பாக்கறேன்."

"அதுவும் சரிதான்," என்றார் அர்த்தனாரி.

இருவரும் நேரம் பேசிவைத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு நேர் ரோட்டில் நாற்பதில் பிரேக் மிதிக்காமல், ஒன்பதேகாலுக்கு நாற்பதில் லேசாகப் பிரேக் மிதித்து, ஒன்பதரைக்கு வேகத்தடைமேல் ஏற்றி இறக்கி. மறுநாள் காலை பாய் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பட்டறைக்குப் போகாமல் பாவாயி வீட்டு அலமாரிக்கு எதிரே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் கூடத்தில் இருந்தார்கள். கிழமை இல்லாத கிழமையில் கிடைத்த நடுக்கத்தை வீணாக்க மனமில்லாமல் சிந்தாமணி பானையோடு வந்திருந்தாள்.

"பாயி, பாத்துக் கண்டுபுடிங்க. ஆனா ரொம்ப வெரசாக் கண்டுபுடிக்காதீங்க. இன்னும் வெண்ண தெரளல."

"உன்ற வெண்ணைக்கு அவன் மணிக்கட்டாம்மா வெல? பேசாம இரு."

பாய் அலமாரியின் இருபக்கமும் எட்டெட்டு டம்ளர் வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர். ஒன்பது மணிக்கு நடுக்கம் வந்தது. இடப்பக்க எட்டும் குதித்தன, வலப்பக்க எட்டும் சும்மா முணுமுணுத்தன. பாய் தலையை ஆட்டிக்கொண்டார்.

"இடது சக்கரந்தான். பாத்தியா தங்கச்சி, டம்ளரு பக்கவாட்டுல நகரல, மேல கீழ குதிக்குது. கிங்பின்னுன்னா நண்டு மாதிரி பக்கத்துல நகரும்."

ஒன்பதேகாலுக்கு, அர்த்தனாரி பிரேக் மிதித்துக்கொண்டிருக்கவேண்டிய நேரம், நடுக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அப்ப டிரம்மு இல்ல." ஒன்பதரைக்கு வீட்டை ஒருதரம் தூக்கிப்போட்டது. பூனை வெளியே ஓடியது. ஆனால் அதற்குப் பின் நடுக்கம் அதே தாளத்தில் ஓடியது. "மேடு ஏறி எறங்குனா எதுவும் புதுசா ஆடல. ஜாயிண்ட் எல்லாம் கெட்டி." பாய் தாடியைச் சொறிந்தார். "பாக்கி ஒண்ணுதான். பேலன்சு. சுத்தறதுல ஏதோ ஒண்ணு ஒருபக்கம் கனம். ஆனா டயரு புதுசு, டியூப்பு புதுசு, டிரம்மு கடைஞ்சாச்சு. அந்தச் சக்கரத்துல இன்னும் என்னதான் இருக்குது கனமா?"

பாவாயி பாயைப் பார்க்கவில்லை, டம்ளரையும் பார்க்கவில்லை. சாமி மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வேல் ஆடவில்லை, விளக்கு ஆடவில்லை, விபூதித் தட்டு ஆடவில்லை. குங்குமச் சிமிழ் மட்டும், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருதரம் என்று, தாளம் தப்பாமல் குதித்துக் குதித்து மாடத்தின் விளிம்புக்கு வந்து நின்றிருந்தது, 'நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா' என்பதுபோல.

அவளுக்கு முகம் வெளிறிப்போயிற்று.

அந்த லாரி வாசலில் கிழக்குப் பார்த்து நிற்கும்போது வீட்டை ஒட்டி நிற்பது இடது முன்சக்கரம்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் போய், ரிம்மின் பள்ளத்தில், காற்றடிக்கும் மூக்குக்குப் பக்கத்தில், எப்போதும் அதே இடத்தில் ஒரு பொட்டு வைப்பாள். மழைக்குக் கரையாமல் இருக்கச் சந்தனத்தையும் மஞ்சளையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, மேலே குங்குமம். இருபத்து நான்கு வருசத்துப் பொட்டு. அதிலும் இந்த ஆடியில் அவருக்கு அறுபது பிறந்தபோது, மலைப்படி ஓரத்தில் பஞ்சாங்கம் பார்ப்பவர், "இந்த வருசம் கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்லுங்கம்மா," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்று முதல் ஒரு விரல் சந்தனம் போதவில்லை அவளுக்கு. எலுமிச்சங்காய் அளவு உருட்டி, கண்ணை மூடி, கந்தர் சஷ்டிக் கவசம் ஒருதரம் சொல்லி முடிக்கும்வரை அழுத்திக்கொண்டிருப்பாள். பயம் கூடக்கூடச் சந்தனமும் கூடியது. ரோட்டுப் புழுதியும் அதோடு சேர்ந்து இறுகி, சிமெண்டுபோல ஆகிவிட்டிருந்தது.

"ஏனுங்ணா," என்றாள் மெதுவாக. "சக்கரத்தப் பிரிச்சீங்களே, ரிம்மக் கழுவுனீங்களா?"

"நல்லாக் கழுவுனேனே. உன்ற பொட்டு இருக்கற எடத்த மட்டும் சுத்திக் கழுவுனேன். அது உங்க சாமி காரியம், நான் கை வெக்கக்கூடாதில்ல? டயர்க்கடைப் பையங்ககிட்டக்கூடச் சொல்லி வெச்சேன், 'அக்கா பொட்டு வெச்ச ரிம்மு, அதை மாத்தாதீங்கடா, அந்த எடத்துலயே மாட்டுங்க'ன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முக்காலியில் இருந்து பாதி எழுந்தார். "அட என்ற அல்லாவே!"

அர்த்தனாரி திரும்பி வந்ததும் வாசலிலேயே ஜாக்கி போட்டார்கள். பாய் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றி, சோர்ந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நின்றது. பொட்டு அடியில். மறுபடி சுற்றினார். மறுபடியும் பொட்டு அடியில். மூன்றாம் முறையும் பொட்டு தேடிப்போய் அடியில் நின்றது.

"முக்கா கிலோவுக்குக் கொறையாது," என்றார் பாய். "உளி எடுத்தா அஞ்சு நிமிசம்."

அர்த்தனாரி உளியையும் பார்த்தார், மனைவியின் நெற்றியையும் பார்த்தார். அறுபது நடக்கிற புருசனுக்காக வைத்த பொட்டை உளி வைத்துப் பெயர்ப்பதை எந்தப் பெண்பிள்ளைதான் நின்று பார்ப்பாள்?

"நானுங்க," என்றாள் பாவாயி. "நான்தானுங்க உங்க கையப் புடிச்சு ஆட்டியிருக்கறேன்."

"அட விடு புள்ள. ஊரே மோர் குடிச்சுது," என்றார் அவர்.

பாவாயி சக்கரத்தின் முன் குந்தினாள். பொட்டின்மேல் கை வைத்தாள். கரடுமுரடாக, வெயிலில் சூடாக இருந்தது. இதில் எத்தனை விடியல், எத்தனை கவசம். அத்தனையும் இவர் ஒருத்தருக்கு. ஐப்பசி மழையில் ஒதுங்கிய அந்த வேன்காரனை நினைத்தாள். அவன் ஒதுங்கவில்லை என்றால்? அவனுக்கும் ஒருத்தி வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். அவனுக்காக இந்த இருபத்து நான்கு வருசத்தில் ஒரு துளி சந்தனம் இவள் வைத்ததில்லை. அப்புறம் சக்கரம் எப்படிச் சமமாகச் சுற்றும்?

"ஏனுங்ணா, இதைப் பேக்காம, நேர் எதுத்தாப்புல அதே கனத்துக்கு இன்னொண்ணு வெச்சா?"

யாகூப் பாய் உளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "அதாம்மா பேலன்சு! மிசின் வெச்சிருக்கறவன் ஈயத்தை ஒட்டறான், நீ சந்தனத்த ஒட்டப் போற. வேற என்ன?"

சிந்தாமணி உள்ளே ஓடிச் சந்தனப் பொடியை எடுத்துவந்தாள். போதவில்லை, ஒவ்வொரு வீட்டில் இருந்தும் ஒரு கை சந்தனம், ஒரு கை மஞ்சள் வந்தது. பாய் தன் பட்டறையில் இருந்து இறுகும் பசை கொஞ்சம் தருவித்துக் கொடுத்தார், "கெட்டியா நிக்கட்டும்." பாவாயி பிசைந்து, உருட்டி, அந்தப் பக்கம் வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ரோட்டில் வருகிற எல்லோரும், ஏறுகிறவரும் இறங்குகிறவரும், ஹாரன் அடிக்கிறவரும் அடிக்காதவரும், அவரவர் வீடு போய்ச் சேரட்டும் முருகா என்றாள். பாய் சுற்றினார். கொஞ்சம் போதவில்லை, இன்னொரு உருண்டை. சுற்றினார். கொஞ்சம் அதிகம், விரலால் வழித்தாள். கடைசியாகச் சுற்றியபோது சக்கரம் மெல்லச் சுழன்று, எங்கே நிற்கலாம் என்று எந்த அவசரமும் இல்லாமல், இரண்டு பொட்டும் பக்கத்துக்கு ஒன்றாக, தராசுத் தட்டுபோல நின்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பழக்கதோசத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பானைகள் வரிசையாக இருந்தன. பத்தே கால் ஆயிற்று. டம்ளர்கள் வாய் திறக்கவில்லை. பத்தரை ஆயிற்று. தயிர் தயிராகவே இருந்தது.

"போச்சு," என்று பெருமூச்சு விட்டாள் சிந்தாமணி. "இனி கையாலதான் கடையோணும். அர்த்தனாரியண்ணன் நல்லா இருந்தாச் சேரி." அவள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போக, மற்றவர்களும் போனார்கள். நடுங்காத தரையில் தூங்கமாட்டேன் என்று குழந்தை அழுதுகொண்டே போயிற்று.

தனியே இருந்த பாவாயி, பழக்கத்தில், குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் அசையவில்லை. முன்பெல்லாம் அசையாத தண்ணீர் என்றால், வண்டி நின்றுவிட்டதோ, ஏன் நின்றது என்று பயப்படுவாள். இன்று அந்த அசையாத தண்ணீரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே வருகிறவர்களும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சிமிழை மாடத்தின் விளிம்பில் இருந்து எடுத்து நடுவில் வைத்தாள். பிறகு தட்டைக் கழுவி, சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது கவளம் வாயில் இருக்கும்போது போன் அடித்தது.

"ஏம்புள்ள, தொப்பூர் எறங்கிட்டேன். கைல ஸ்டியரிங் இருக்கறதே தெரியல போ. சேரி, நீ இப்பப் போய்ச் சாப்புடு."

"சாப்புட்டுட்டுத்தான் இருக்கறேனுங்க."

அந்தப் பக்கம் டீ ஊதும் சத்தம் நின்றுபோயிற்று. லாரிகள் ஏறுவதும் இறங்குவதுமாகக் கணவாயின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன கொழம்பு?" என்றார் அர்த்தனாரி.